சீட்டுப் பானையும் சோர்ஸ் என்ற சொல்லும்

கோட்டைப் பாதிரியார் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் கேட்பார். லத்தீனில் ஒன்று சொன்னால் தமிழில் ஒன்று. இரண்டு சொன்னால் முகம் சுளிப்பார், மூன்று சொன்னால் இறகுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்களுக்கு நான் துபாஷியாக இருந்த காலம் அது. தினமும் காலையில் அவர் அறைக்குப் போய், அவர் தொகுத்துக்கொண்டிருந்த அகராதிக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும். எனக்குக் கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்குத்தான் ஒல்லாந்து மொழி வரும். அவருக்குத் தமிழில் வா, போ, தண்ணீர் தவிர எதுவும் வராது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது லத்தீன் ஒன்றுதான்.

ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவனுக்கு லத்தீன் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகத்தான் பதில் சொல்வது. முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகிலிருந்து ஒரு பரங்கிப் பாதிரியை, போர்த்துக்கீசியரை, எங்கள் நைனா இழுத்துக் கரையேற்றினார். அந்த நன்றிக்கு அவர் என்னை மயிலாப்பூருக்குக் கூட்டிப்போய்த் தங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மீன் நாற்றத்தோடு போனவன் ஞானஸ்நானத்தோடும் லத்தீன் வேற்றுமைகளோடும் திரும்பி வந்தேன். நாற்றமும் முழுசாகப் போகவில்லை. பரங்கியிடம் தண்ணீர் தெளித்துக்கொண்டவன் என்று கோட்டைப் பாதிரியாருக்கு என்மேல் எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு.

அன்று காலை அவர் படித்த லத்தீன் சொல் சோர்ஸ். நான் காதில் வாங்கினேனே தவிர மனம் குப்பத்தில் இருந்தது. ஊரில் பாடு போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் தங்கச்சியின் பாடு போய்விடும் போலிருந்தது.

பாடு என்றால் என்னவென்று ஏரிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியும் கடலும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, கம்பு நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் சில உண்டு. தண்ணீர் கடலுக்கு இறங்கும் வத்தத்தில் இறால் கூட்டம் கூட்டமாக அந்த வழியாகத்தான் போகும். எல்லோரும் ஒரே சமயத்தில் கம்பு நட்டால் வெட்டுக் குத்தில்தான் முடியும். அதனால் முறை வைத்திருந்தார்கள். இன்ன வத்தத்தில் இன்ன இடத்தில் இன்ன வீடு என்று பருவத்துக்குப் பருவம் பானையில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்கும் பாடுதான் பேர், அந்த இடத்துக்கும் பாடுதான் பேர், அந்த உரிமைக்கும் அதுதான் பேர். பாடு உள்ள வீட்டில் உலை கொதிக்கும். இல்லாத வீட்டுப் பெண்கள் அடுத்த வீட்டு இறாலை உலர்த்திக் கொடுத்துக் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

என் தங்கச்சி புருஷன் ஐப்பசி வாடையில் முகத்துவாரத்தைத் தாண்டிப் போனவன் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. மாசக்கணக்காகியும் உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவரை, பெண்டாட்டி தாலியோடு வந்து நின்றால், அவன் பேரில் பானையில் சீட்டு விழும். இது ஊர் வழக்கம். அவன் செத்தான் என்று ஊர் முடிவு கட்டிக் காரியம் செய்துவிட்டால், தலையெடுத்த மகன் இல்லாத வீட்டின் பாடு புருஷனுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். அதுவும் ஊர் வழக்கம். தங்கச்சிக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.

ஆகவே அவள் அழவில்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே புரிந்துகொண்டாள். அவள் வாய்விட்டு ஒரு தடவை அழுதால் போதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிடுவார்கள். ஒப்பாரி கேட்ட வீடு சாவு வீடு. புருஷனின் அண்ணனான அவளுடைய மூத்தார் வீட்டு வாசல் அவள் வாசலுக்கு எதிரேதான். அந்த வீட்டுப் பெண்கள் வலை பின்னுவதுபோல் உட்கார்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் பூ வைத்துக்கொண்டாள், குங்குமம் இட்டாள், புருஷன் துணியைத் துவைத்து வெயிலில் போட்டாள். கண் மட்டும் உப்புத்தண்ணி பட்டவள் மாதிரி எப்போதும் சிவந்திருக்கும். அந்தக் கண்ணைப் பார்க்கப் பயந்துகொண்டே நான் பல நாள் குப்பத்துப் பக்கம் போகாமல் இருந்தேன்.

பாதிரியார் மேசையைத் தட்டினார். சோர்ஸ் என்றால் தமிழில் என்ன?

சீட்டு என்றேன். எழுதப் போனவர் நின்றார். சீட்டு மட்டும் இல்லையாம். பழைய ரோமர்கள் மரத்துண்டுகளைப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்தத் துண்டுக்கும் சோர்ஸ்தான் பேர், குலுக்கி எடுக்கும் செயலுக்கும் சோர்ஸ்தான். அப்படிக் கிடைத்த நிலமும் பதவியும் சோர்ஸ். கோயில்களில் துண்டை எடுத்துக் குறி சொல்வார்களாம், அந்தக் குறிச்சொல்லும் சோர்ஸ். வட்டிக்குக் கொடுத்ததில் முதலுக்கும் அதே சொல். கடைசியில், மனுஷனுக்கு வாய்த்த வாழ்க்கைக்கே அந்தப் பேர் வந்துவிட்டது. அப்படியானால் பங்கு என்றேன், விதி என்றேன், தலையெழுத்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பரங்கி மொழியில் அந்தச் சொல் இன்னும் உயிரோடிருந்தது. துறைமுகத்தில் தாயக்கட்டை உருட்டும் சட்டைக்காரச் சிப்பாய்கள் "சோர்த்தே" என்று கத்துவதை நான் தினமும் கேட்பேன். அவர்களுக்கு அது வெறும் அதிர்ஷ்டம். லத்தீனிலோ அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உனக்கு விழுந்தது, அவ்வளவுதான்.

அவருக்குக் கோபம் வரும்போதெல்லாம் என்னை வேற்றுமை சொல்லச் சொல்வார், பள்ளிக்கூடப் பையனை மாதிரி. நானும் சொன்னேன். சோர்ஸ், சோர்த்திஸ், சோர்த்தி, சோர்த்தெம், சோர்த்தே. தனியாக எழுவாயாக நிற்கும்போது அந்தச் சொல்லில் ஒரு "த" காணாமல் போய்விடுகிறது. உருபு ஏறினால்தான் உள்ளே இருந்தது வெளியே வரும். இது எனக்குப் புதிதில்லை. நம்முடைய மரமும் அப்படித்தான், "ஐ" வந்து சேர்ந்தால் மரத்தை என்று ஆகிறது. ஆனால் லத்தீன்காரர் சொல்கிற காரணம் வேறு. ஆதியில் எழுவாயிலும் அந்தத் "த" இருந்ததாம், ஒற்றையாக நின்று நின்று தேய்ந்துபோயிற்றாம். மயிலாப்பூரில் இதைப் படித்தபோது கொட்டாவி விட்டேன். அன்றைக்குக் கொட்டாவி வரவில்லை. காலையிலிருந்து மாலைவரை வாசலில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன். உறுதியாகத் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் அப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம். செரெரே என்ற வினையிலிருந்து வந்திருக்கலாமாம். கோப்பது, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுவது என்று பொருள். மரத்துண்டு குலுக்குவதற்கும் கோப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்களுக்கே குழப்பம் என்றார். எனக்குக் குழப்பம் இல்லை. எங்கள் ஊரில் வலை மிதவைக்கு வெட்டும் மரத்தில் வீட்டுக்கு ஒரு வில்லை செய்து, அவரவர் அடையாளத்தைக் கத்தியால் கீறிப் பானையில் போடுவோம். எடுத்த வரிசையிலேயே அவற்றைக் கயிற்றில் கோத்துக் கோயில் தூணில் கட்டுவோம். அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் யாருக்கு எந்த வத்தம் என்று தெரிந்துகொள்வோம். கோக்காத சீட்டு சீட்டே இல்லை. இதைச் சொன்னேன். காட்டுமிராண்டிப் பழக்கத்தைக் கேட்ட முகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, ஆனாலும் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு, ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, தங்கச்சி விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே இன்னொரு சொல்லை எடுத்துப் போட்டார். கொன்சோர்ஸ். ஒரே சோர்ஸை இன்னொருவரோடு சேர்ந்து உடையவர். முதலில் அது சொத்தைப் பிரிக்காமல் சேர்ந்து வாழும் அண்ணன் தம்பிகளுக்கு வழங்கிய சொல்லாம். பிறகு கூட்டாளிக்கு வந்தது, பிறகு மனைவிக்கு வந்தது. புருஷனின் சோர்ஸ் எதுவோ அதுவே மனைவியினுடையதும் என்றார். எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. ரோமாபுரிச் சட்டம் என் தங்கச்சி பக்கம் இருக்கிறது என்று தோன்றியது. அன்று சாயங்காலமே ஊர்த் தலைவரான பெரியதனக்காரரைப் பார்க்கப் படகு ஏறினேன்.

பெரியதனக்காரர் வலைக்குப் பட்டைச்சாயம் போட்டுக்கொண்டிருந்தார். கை முழங்கைவரை சிவப்பு. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். லத்தீன் என்றால் என்னவென்றுகூடக் கேட்கவில்லை.

"உங்க பாதிரியாரு வந்து வத்தத்துல கம்பு நடுவாராப்பா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வலையைப் பிழிந்தபடியே வழக்கத்தை விளக்கினார். ஊரில் பிறந்த ஆண் ஒருத்தன், முதல் சீட்டு கயிற்றில் ஏறுவதற்குள், அந்த வீட்டு வில்லையைக் கையில் பிடித்து "கூட்டு நான்" என்று சபையில் சொன்னால் அது இரண்டு பேர் பாடு. ஒருவன் இருந்தாலும் போனாலும் மற்றவன் பேரில் நிற்கும். அந்த வீட்டை அசைக்க யாராலும் முடியாது. ஆனால் சொன்னவன் ஏரியில் இறங்கிக் கம்பு நட வேண்டும். சொல்லிவிட்டு, கம்பு நட மற்றவன் இருந்தாலொழிய விலக முடியாது. அவளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நைனா போய்ச் சேர்ந்தாயிற்று. அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், அவன் கோட்டையில் உத்தியோகம் பார்க்கிறான் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

கோட்டை வேலைக்குச் சேர்ந்தபோது என் பாட்டை விட்டுக்கொடுத்த பிறகுதான் என்னை எடுத்துக்கொண்டார்கள். குப்பங்களுக்குள் பாடு பற்றிய சண்டை முற்றினால் வழக்கு கோட்டைக்கு வரும், அங்கே மொழிபெயர்ப்பவனுக்கு ஏரியில் பங்கு இருக்கக் கூடாது. நியாயம்தான். நானும் தங்கச்சி புருஷனான மச்சானும் அதுவரை ஒரே வில்லையில் கூட்டு. நான் விலகிக்கொண்டு அவனிடமே விட்டுவிட்டேன். இப்போது மறுபடி ஏரியில் கால் வைத்தால் கோட்டைக் கதவு சாத்திக்கொள்ளும். வீட்டில் பெண்டாட்டியும் பிள்ளைகளும் கோட்டை அரிசியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் உள்ளங்கையோ பேனா பிடித்துப் பிடித்துக் காய்ப்பெல்லாம் போய் மழமழவென்று இருந்தது. போய் வருகிறேன் என்று மட்டும் பெரியதனக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் பாய் விரித்து இறால் காயவைத்திருந்தாள். எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். எதிர் வாசலில் வலை பின்னும் பெண்கள் பார்க்கிறார்கள் என்பதால் சிரித்துப் பேசினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என்ன செய்யப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டேன். வில்லையைப் போடப் போவதாகச் சொன்னாள். முறை வந்தால் கம்பு நட யார் இருக்கிறார்கள் என்றேன்.

"அவுரு வந்துடுவாரு" என்றாள். குரலைத் தாழ்த்தாமல் எதிர் வாசலுக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு என் தட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் உன்ன எதுனா கேட்டனாண்ணா? சாப்டு" என்றாள்.

கேட்டிருந்தால்கூட அவ்வளவு பேஜாராக இருந்திருக்காது.

பாடு போடும் நாள் காலையில் கங்கையம்மன் கோயில் முன் மணலில் ஊர் கூடிவிட்டது. வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று என் மனதுக்கே சொல்லிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் சீட்டு எடுக்கிறவனுக்கு ஊரில் பாடு இருக்கக் கூடாது, எந்த வீட்டோடும் கூட்டும் இருக்கக் கூடாது. வழக்கமாக உப்பளத்திலிருந்து வரும் ஒரு ஆளைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு எங்கள் வீட்டு அடையாளங்கள் எதுவும் தெரியாது. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. யாரை வைத்து எடுப்பது என்று பேச்சு எழுந்ததும் தங்கச்சியின் மூத்தார் முன்னால் வந்தார்.

"நம்ம துபாஷிய எடுக்கச் சொல்லுங்க. ஏரில பங்கில்லாதவரு. படிச்சவரு. அவர விட யாரு கீறாங்க?"

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மரியாதையின் அர்த்தம் எனக்கு நொடியில் புரிந்தது. சீட்டு எடுக்க நான் ஒத்துக்கொண்டால் எந்த வீட்டோடும் எனக்குச் சம்பந்தமில்லை என்று ஊரறிய ஒத்துக்கொண்ட மாதிரி. அதன் பிறகு கூட்டு என்று வாயெடுக்க முடியாது. மாட்டேன் என்றாலோ, ஏன் மாட்டாய், உனக்கு என்ன பங்கு என்று கேட்பார்கள். மனுஷன் கில்லாடி. ஊரே என்னைப் பார்த்தது. தங்கச்சி மட்டும் பார்க்கவில்லை. நான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பானைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட, போய் நின்ற என் கால்கள்மேல் வந்த கோபம் அதிகம்.

வீட்டுக்கு ஒருவராக வந்து பானையில் வில்லையைப் போட்டார்கள். தங்கச்சி கடைசியாக வந்தாள். மஞ்சள் பூசின முகம், தலை நிறையப் பூ, தாலியை எடுத்துச் சேலைக்கு மேலே விட்டிருந்தாள். வில்லையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது மூத்தார் கையை நீட்டி மறித்தார். மடியிலிருந்து எதையோ எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் கோத்த ஒரு வெள்ளித் தாயத்து. முகத்துவாரத்துக்கு வெளியே இழுத்த வலையில் முந்தின நாள் வந்ததாம். தம்பி செத்தது இதோடு நிச்சயமாகிவிட்டது, செத்தவன் பேரில் சீட்டு போட்டால் அம்மனுக்கே ஆகாது, அந்த வில்லையைப் பொறுக்கி வெளியே போடுங்கள் என்றார். சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. அதை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் அவன் தம்பிதான். ஆனால் பாடும் வேண்டியிருந்தது.

அந்தத் தாயத்தை எனக்குத் தெரியும். மச்சான் அதைக் கடைத்தெருவில் வாங்கிய அன்று நான் கூடவே இருந்தேன். இன்னும் கொஞ்சம் கனமாக வேண்டும் என்று அவன் தட்டானிடம் தகராறு பண்ணியதுகூட ஞாபகத்தில் இருந்தது. அதுவரை நானும் உள்ளுக்குள் எங்கேயோ அவன் வருவான் என்று வைத்திருந்திருக்கிறேன்.

பெரியதனக்காரர் அதைத் தங்கச்சியிடம் காட்டச் சொன்னார். அவள் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தாள். சாவகாசமாகத்தான் பார்த்தாள். எதிர் வீட்டுப் பெண்கள் ஒப்பாரிக்குத் தயாராக முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

"இது அவுருது இல்ல" என்றாள்.

பொய் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவள் தாடை நடுங்கியது. பல்லைக் கடித்து அதையும் நிறுத்தினாள். என் வாழ்நாளில் அதைவிடக் கொடுமையான எதையும் நான் பார்த்ததில்லை. கண்ணுக்கு முன்னால் புருஷன் சாவு தொங்குகிறது, அழுதால் பிள்ளைகளின் சோறு போய்விடும்.

பெரியதனக்காரர் ஒப்பாரிக்குத் தயாரான பெண்களைக் கையமர்த்தினார். பெண்டாட்டி இல்லை என்கிறாள், போட்ட வில்லை பானையிலேயே கிடக்கட்டும் என்றார். அவள் முறை வரும்போது வீட்டு ஆண் கம்போடு வந்து நின்றால் பாடு அவளுக்கு, நிற்காவிட்டால் அண்ணன் வீட்டுக்கு. இதைக் கேட்டு மூத்தார் பின்வாங்கினார். அவர் கேட்டது கொஞ்சம் தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான். எனக்குச் சைகை வந்தது. முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டு பானைக்குள் கையை விட்டேன்.

வில்லைகள் சில்லென்று இருந்தன. கலக்கினேன். ஒவ்வொன்றிலும் கத்திக் கீறல்கள், குறுக்கும் நெடுக்குமாக. எது யாருடையது என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. கோட்டைக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, கை மறந்துவிட்டது என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒன்றைப் பிடித்தேன். அதன் ஓரத்தில் கீறல் இல்லை. பள்ளம் பள்ளமாக இருந்தது. கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

பல் தடம். நானும் மச்சானும் கடைசியாகச் சேர்ந்து பாடு போட்ட வருஷம், எங்கள் முறை வரும்வரை அவன் பதற்றத்தில் அந்த வில்லையைக் கடித்துக்கொண்டே நின்றான். நாய்க்குட்டி மாதிரி கடிக்காதே என்று நான் திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே எச்சிலைத் துடைத்துப் பானையில் போட்டான். புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளாமல் அத்தனை வருஷமும் அதையே வைத்திருந்திருக்கிறான்.

கையை வெளியே எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அதை முதல் சீட்டாக எடுத்து நீட்டினால் தங்கச்சிக்கு அந்தப் பருவத்தின் முதல் வத்தம். நழுவவிட்டு வேறொன்றை எடுத்தால் அவளைப் பின்னால் தள்ளியவன் நான். இரண்டையும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டில் எதைச் செய்தாலும் அது விழுந்த சீட்டு இல்லை, நான் போட்ட சீட்டு. சம்பந்தமில்லாதவன் என்று என்னை நிறுத்தினார்கள். சம்பந்தமில்லாதவன் கைக்கு இது யாருடைய பல் என்று தெரியுமா? மூத்தார் என்னைப் பானையருகே நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படகு ஏறியிருப்பேன். அவரேதான் என் கையைப் பிடித்து மச்சான் கையில் கொடுத்தார்.

வில்லையோடு கையை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். முதல் சீட்டு என்று நினைத்துக் கோப்பதற்காகக் கயிறு வைத்திருந்தவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இது சீட்டில்ல. இது யாருதுன்னு என் கைக்குத் தெரியும். தெரிஞ்சவன் எடுக்கக் கூடாது" என்றேன். சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன், பின்வரிசையில் கேட்கவில்லை என்றார்கள். மறுபடி சொன்னேன். பிறகு சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "இதுல கூட்டு நான்."

கூட்டம் இரைச்சலாகிவிட்டது. மூத்தார் பாய்ந்து வந்தார். எடுக்க நின்றவன் கூட்டு சொல்ல முடியாது, இது மோசடி என்றார். கோட்டைக்காரன் கம்பு நடுவானா, இவன் கையைப் பாருங்கள் என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். கையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கைதான். நாளைக் காலை பாதிரியார் பேனாவோடு உட்கார்ந்திருப்பார், நான் போக மாட்டேன், சோர்ஸுக்கு நேரே அவர் விட்டுவைத்த இடம் அப்படியே கிடக்கும் என்று அந்த நேரத்தில் ஏனோ நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

பெரியதனக்காரர் எழுந்து நின்றார். முதல் சீட்டு இன்னும் கோக்கப்படவில்லை, எடுக்கிற வேலையிலிருந்து அவனே விலகிவிட்டான், சொன்னவன் ஊரில் பிறந்தவன், வில்லை அவன் கையில் இருக்கிறது, சபையில் சொல்லியிருக்கிறான். வழக்கப்படி இதில் எதுவும் குறைவில்லை என்றார். நட்டுப் பழகாத கை என்றால் நட்டு நட்டுப் பழகட்டும் என்றார். எடுக்க வேறு ஆள் பாருங்கள், எல்லா வில்லைகளையும் திரும்பப் பானையில் போட்டுக் கலக்குங்கள் என்று உத்தரவாயிற்று. என் கையிலிருந்ததையும் வாங்கிப் போட்டார்கள். துணி விற்க வந்திருந்த ஒரு நெசவுக்காரரைக் கூட்டி வந்து பானையருகே நிறுத்தினார்கள்.

மூத்தார் விடவில்லை. அப்படியானால் தம்பி இருக்கிறானா செத்தானா, அதையாவது இந்தச் சபை சொல்லட்டும் என்று அரைஞாணை மறுபடி தூக்கிப் பிடித்தார்.

"அந்தக் கேள்வி இனி இந்தப் பானைக்கு வேணாம்பா. பாடு நிக்குது" என்றார் பெரியதனக்காரர்.

தங்கச்சி அதுவரை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்னது அவளுக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்ததும் என்னைப் பார்த்தாள். பாடு நிற்கிறதா, உண்மையா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மூத்தாரிடம் போய்க் கையை ஏந்தினாள்.

"குடு மாமா. அது அவுருதுதான்."

அவர் கொடுத்தார். அவள் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள். வாடைக் காலத்திலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் வெளியே வந்தது. எதிர் வீட்டுப் பெண்கள்தான் முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். நெசவுக்காரர் பானைக்குள் விட்ட கையை வெளியே எடுத்துக்கொண்டார். அவள் அழுது ஓயும்வரை யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை.